பிரிவுக்கு இருவரை அனுப்பவும்

சுற்றறிக்கையின் வாசகம் ஆண்டுக்காண்டு பெரிதாக மாறுவதில்லை. ‘ஆசிரியரல்லாப் பணியாளர்களுக்கான மன அழுத்த மேலாண்மை மற்றும் ஆளுமை மேம்பாட்டுப் பயிலரங்கம்’ என்று தலைப்பு. இடம், கருத்தரங்கக் கூடம். நேரம், காலை பத்து மணி. கடைசிப் பத்தியில், ‘ஒவ்வொரு பிரிவிலிருந்தும் இரு பணியாளர்களைத் தவறாது அனுப்பி வைக்குமாறு’ என்று வரும். ‘தவறாது’ என்பதற்குக் கீழே சில சமயம் கோடும் போட்டிருப்பார்கள்.

நான் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளர். இந்தச் சுற்றறிக்கை என் மேஜைக்கு வந்தால், யாரை அனுப்புவது என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். ரிசல்ட் வேலை பார்க்கிறவரை அனுப்ப முடியாது. கவுன்ட்டரில் இருப்பவரை எழுப்பினால் வெளியே வரிசை நீளும். சான்றிதழ் சரிபார்ப்புப் பார்க்கிறவருக்கு மின்னஞ்சல் குவிந்து கிடக்கும். மிஞ்சுவது யார்? அன்றைக்கு மேஜையில் வேலை குறைவாக இருப்பவர், ஓய்வுபெறச் சில மாதங்களே இருப்பவர், அல்லது ‘நான் போறேன் மேடம்’ என்று தானாகவே கேட்டு வருகிறவர். ஆக, இருக்கிறவர்களில் அழுத்தம் குறைந்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கி, அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சிக்கு அனுப்பி வைக்கிறோம். எல்லாப் பிரிவிலும் இதே கதைதான். கூடத்தில் போய்ப் பார்த்தால் அதே முகங்கள்தான் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்திருக்கும்.

இந்தப் பயிலரங்குகள் ஏன் நடக்கின்றன என்பதற்கு நல்லெண்ணம் ஒரு காரணம். அதை நான் மறுக்கவில்லை. இன்னொரு காரணம் நாக். கல்வி நிறுவனங்களை மதிப்பிட்டுத் தரம் வழங்க 1994-இல் தொடங்கப்பட்டு பெங்களூருவிலிருந்து இயங்கும் அமைப்பு அது. எங்கள் பல்கலைக்கழகம் கடைசியாக மதிப்பீட்டுக்குப் போனபோது ஏழு அளவுகோல்கள் இருந்தன. ஆறாவது, நிர்வாகமும் தலைமையும். அதற்குள் 6.3 என்று ஒரு உட்பிரிவு. பணியாளர்களுக்கு என்னென்ன நலத்திட்டங்கள் இருக்கின்றன, ஆசிரியர்களுக்கும் ஆசிரியரல்லாதவர்களுக்கும் நிறுவனம் எத்தனை பயிற்சி நிகழ்ச்சிகள் நடத்தியது என்று கேட்கும். ஐந்தாண்டுக் கணக்கு தர வேண்டும். நிகழ்ச்சி அழைப்பிதழ், வருகைப் பதிவு, இடமும் நேரமும் பதிவான புகைப்படம், அறிக்கை எல்லாம் வேண்டும். உள்தர உறுதிப் பிரிவிலிருந்து ஃபைல் வரும்போது, ‘ஆசிரியரல்லாதோருக்கு இந்த வருஷம் ஒண்ணும் இல்லையே, ஏதாவது போடுங்க’ என்று ஒரு அவசரம் கிளம்பும். உடனே ஒரு பயிலரங்கம் நடக்கும். வந்தவர் என்ன கற்றார் என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

இதையும் சொல்லிவிட வேண்டும். ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்பது முறையாக இருக்கிறது. 1987 வாக்கில் பல்கலைக்கழக மானியக் குழு கல்விப் பணியாளர் கல்லூரிகளைத் தொடங்கியது. பிறகு அவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. 2023-இல் மாளவியா பெயரில் புதிய திட்டம் வந்தது. புத்தொளிப் பயிற்சி முடித்தால்தான் பதவி உயர்வு நகரும் என்பதால், பிடிக்கிறதோ இல்லையோ, போய்விடுவார்கள். மாநில அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவருக்குப் பவானிசாகர் பயிற்சி இருக்கிறது. குறிப்பு எழுதுவது, பதிவேடு வைப்பது, விதிகள் என்று அடிப்படை அங்கே கிடைக்கும். எங்களை யாரும் அங்கே அனுப்பியதில்லை. நாங்கள் சேர்ந்த அன்றைக்குப் பக்கத்து சீட் அக்கா என்ன சொல்லிக்கொடுத்தாரோ அதுதான் பயிற்சி. அவர் நல்லவராக வாய்த்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

சரி, பயிலரங்குக்கு வருவோம்.

தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, பொன்னாடை. நிர்வாகத்தில் மேலே இருக்கும் ஒருவர் தொடக்கவுரை ஆற்றுவார். ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்ற வாக்கியம் கட்டாயம் வரும். உரை முடிந்ததும் ‘சிண்டிகேட் சம்பந்தமா ஒரு கூட்டம் இருக்கு’ என்று கிளம்பிவிடுவார். அவரோடு துணைப் பதிவாளர்களும் உதவிப் பதிவாளர்களும் எழுந்து போவார்கள். முன்வரிசை காலியாகும். பின்னால் இருக்கும் எங்களை ‘முன்னாடி வாங்க, முன்னாடி வாங்க’ என்று அழைப்பார் பயிற்சியாளர். யாரும் நகர மாட்டோம்.

பயிற்சியாளர்களில் பல வகை உண்டு. நான் பார்த்தவர்களில் ஒருவர் ஆளுக்கொரு பலூனும் பல்குத்தும் குச்சியும் கொடுத்தார். அவரவர் பலூனைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் விதி. ஒரு நிமிடத்தில் கூடம் முழுக்க வெடிச்சத்தம். அடுத்தவர் பலூனைக் குத்தச் சொல்லி நான் சொல்லவே இல்லையே, பிறகு ஏன் குத்தினீர்கள் என்று கேட்டார். உண்மையிலேயே நல்ல விளையாட்டு. சிரித்துக்கொண்டே வெளியே வந்தோம். அன்று மாலையே தபால் பிரிவும் எங்கள் பிரிவும் ஒரு கட்டுக் கடிதம் யார் மேஜையில் தொலைந்தது என்று சண்டை போட்டுக்கொண்டது தனிக்கதை.

மற்றொருவர் மூச்சுப் பயிற்சி. கண்ணை மூடுங்கள், நான்கு எண்ணும் வரை உள்ளே இழுங்கள், நிறுத்துங்கள், மெல்ல விடுங்கள். எங்கள் பிரிவு உதவியாளர் ஒருவர் கண்ணை மூடி மூச்சை நிறுத்தியிருந்த நேரத்தில் அவர் கைப்பையில் போன் அதிர்ந்தது. எடுக்காமல் இருந்தார். மறுபடி அதிர்ந்தது. மூன்றாவது முறை எடுத்து, வாயைப் பொத்திக்கொண்டு பாஸ்வேர்டைச் சொன்னார். செக்‌ஷனில் அவரைத் தவிர வேறு யாருக்கும் அந்த மென்பொருளில் உள்ளே போகத் தெரியாது. பயிற்சியாளர் புன்னகையோடு, ‘போனை அணைச்சு வைக்கிறதுகூட ஒரு தியானம்தாம்மா’ என்றார். உதவியாளர் திருப்பிச் சொல்லவில்லை. தேநீர் இடைவேளையில் என்னிடம் சொன்னார்: ‘அணைச்சு வச்சா நாளைக்கு மெமோ வரும், அது என்ன தியானம்?’

அதே நாளில் கேள்வி நேரத்தில் இன்னொரு பிரிவின் மூத்த உதவியாளர் எழுந்தார். பேசாதவர் என்று பெயர் எடுத்தவர்.

‘சார், நீங்க சொன்னதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்க செக்‌ஷன்ல ஏழு சீட்டு, நாலு பேரு. மீதி மூணு சீட்டு வேலையை என்ன செய்யறதுன்னு சொல்லுங்க.’

‘அம்மா, மாத்த முடியாததை ஏத்துக்கப் பழகணும். அதுதான் மன முதிர்ச்சி.’

‘ஏத்துக்கிட்டுதானே சார் இவ்வளவு வருஷமா உக்காந்திருக்கோம்.’

கூடம் கைதட்டியது. அன்று அவருக்குக் கிடைத்த கைதட்டல் பயிற்சியாளருக்குக் கிடைக்கவில்லை. பயிற்சியாளரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலிப்பணியிடத்தை நிரப்பும் அதிகாரம் அவரிடம் இல்லை. அந்த அதிகாரம் இருந்தவர்கள் முன்வரிசையிலிருந்து எழுந்து போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

மூச்சுப் பயிற்சியைக் கேலி செய்வதாக யாரும் நினைக்க வேண்டாம். கவுன்ட்டரில் ஒருவர் கத்திவிட்டுப் போன பிறகு நானே கழிவறைக்குப் போய் நின்று மூச்சை மெல்ல விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கை நடுக்கம் நிற்கும். ஆனால் அடுத்த ஆள் அதே காரணத்துக்காக அதே கத்தலோடு வரிசையில் நிற்பதை அது நிறுத்தாது.

எங்கள் வேலையின் கஷ்டம் என்ன என்று வெளியில் கேட்டால், ‘அரசு வேலை, அஞ்சு மணிக்கு எழுந்து போயிடலாம், என்ன கஷ்டம்?’ என்பார்கள். தேர்வுப் பிரிவில் ஒரு செமஸ்டர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். விடைத்தாள் திருத்தும் முகாம் முடிந்து மதிப்பெண் பட்டியல் முழுதாக வந்து சேரும் முன்பே ரிசல்ட் தேதி வெளியே போய்விடும். ஒரு கல்லூரியிலிருந்து அகமதிப்பீட்டு மதிப்பெண் வராது. அந்தக் கல்லூரி மாணவர்களின் முடிவை நிறுத்தி வைப்போம். மறுநாள் காலையிலிருந்து அந்த மாணவர்கள் எங்களைத்தான் திட்டுவார்கள். எங்கோ ஒரு கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு அம்மா வருவார். மகனுக்கு விசா நேர்காணல், தற்காலிகச் சான்றிதழ் இன்றே வேண்டும். கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி வெளியூர். அந்த அம்மாவிடம் ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லும் வேலை கவுன்ட்டரில் இருக்கும் தொகுப்பூதியப் பெண்ணுக்கு. தாமதம் அவள் செய்ததல்ல, தீர்வும் அவள் கையில் இல்லை. திட்டு மட்டும் அவளுக்கு.

வேலை அதிகம் என்பதைவிட, தன் வேலையின் மேல் தனக்கு ஒரு பிடியும் இல்லை என்பதுதான் ஆளைத் தின்கிறது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. லண்டனில் அரசு அலுவலர்களை வைத்து 1967-இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். வைட்ஹால் ஆய்வு என்று பெயர். சுமார் 18,000 ஆண்கள். ஆலைத் தொழிலாளர்களோ சுரங்கத்தில் இறங்குகிறவர்களோ இல்லை, எல்லாரும் அலுவலக ஆட்கள். உயர் அதிகாரிகளுக்குத்தானே டென்ஷன் அதிகம், அவர்களுக்குத்தானே மாரடைப்பு வரும் என்பது அன்றைய பொது நம்பிக்கை. வந்த முடிவு தலைகீழ். கடைநிலையில் இருந்த தபால் கொண்டு போகிறவர்களும் வாயிற்காவலர்களும் இதய நோயால் இறப்பது, உச்சியில் இருந்த நிர்வாகிகளைவிட மூன்று மடங்குக்கும் மேல். பதவி ஒரு படி இறங்க, ஆபத்து ஒரு படி ஏறியது. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துப் பார்த்தபிறகும் வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது. மைக்கேல் மார்மட் தலைமையில் 1985-இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் பெண்களையும் சேர்த்து 10,308 பேர். அதில்தான், வேலையின் மேல் தனக்கு எவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது என்பதும் இதய நோயும் சேர்ந்து நகர்வது தெரிந்தது.

எங்கள் அலுவலகத்தில் ஃபைல் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் நடக்கும் அலுவலக உதவியாளரை நினைத்துக்கொண்டுதான் இதைப் படித்தேன். பயிலரங்குக் கூடத்தில் அவரைப் பார்த்திருக்கிறேன். நாற்காலி போட வந்திருந்தார்.

பல்கலைக்கழகப் பணியாளர்களை வைத்தே நடந்த ஒரு சோதனை அமெரிக்காவில் இருக்கிறது. இந்த விஷயத்தில் ஆர்வம் உள்ள ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெயின் வளாகம். டேமன் ஜோன்ஸ், டேவிட் மோலிட்டர், ஜூலியன் ரைஃப் என்று மூன்று பொருளாதார அறிஞர்கள். 2016-இல் தகுதியுள்ள 12,459 பணியாளர்களை அழைத்தார்கள். 4,834 பேர் சேர்ந்தார்கள். குலுக்கல் முறையில் 3,300 பேருக்கு நலத்திட்டம், மீதி 1,534 பேருக்கு ஒன்றும் இல்லை. நலத்திட்டம் என்றால் உடல் பரிசோதனை, உடல்நலக் கேள்வித்தாள், பிறகு மன அழுத்த மேலாண்மை, எடைக் குறைப்பு, உடற்பயிற்சி, புகை நிறுத்தம் மாதிரி வகுப்புகள். கலந்துகொண்டால் பணமும் உண்டு, வேலை நேரத்திலேயே போகலாம். நாங்கள் கனவிலும் நினைக்க முடியாத வசதி.

ஓராண்டு கழித்துக் கணக்குப் பார்த்தால், மருத்துவச் செலவில் மாற்றம் இல்லை. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதில் மாற்றம் இல்லை. ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் ஓட்டப் போட்டியில் எத்தனை பேர் ஓடினார்கள் என்றுகூடப் பதிவேட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், அதிலும் மாற்றம் இல்லை. அப்படியானால் நலத்திட்டங்களால் இவ்வளவு லாபம், அவ்வளவு லாபம் என்று அதற்கு முன் வந்த அறிக்கைகள் எல்லாம் எங்கிருந்து வந்தன? அதையும் காட்டினார்கள். திட்டத்தில் கலந்துகொண்டவர்களையும் கலந்துகொள்ளாதவர்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் தெரிகிறது. ஆனால் அந்த வித்தியாசம் திட்டம் தொடங்குவதற்கு முன்பே இருந்தது. வந்தவர்கள் ஏற்கெனவே செலவு குறைந்தவர்கள், ஏற்கெனவே நடக்கிறவர்கள், ஏற்கெனவே ஓடுகிறவர்கள். நடைப்பயிற்சி முகாமுக்கு வந்தவர்கள் நன்றாக நடக்கிறார்கள் என்று அறிக்கை எழுதுவதில் என்ன ஆச்சரியம்?

எங்கள் சுற்றறிக்கையும் அவர்களுடைய டாலர் திட்டமும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அங்கே அவர்களாகவே வந்தார்கள், இங்கே நாங்கள் பொறுக்கி அனுப்புகிறோம். தேவைப்பட்டவர் இரண்டு இடத்திலும் வரவில்லை.

அந்த ஆய்வில் என்னைச் சிரிக்க வைத்த ஒரு விஷயமும் உண்டு. முதலாண்டில் உண்மையிலேயே மாறியதாகக் காட்டியவை மிகச் சில. ஒன்று, உடல் பரிசோதனை செய்துகொண்டவர்கள் கூடினார்கள். அதற்குப் பணம் கொடுத்தார்களே. மற்றொன்று, நிர்வாகம் நம் உடல்நலத்தின் மேல் அக்கறை வைத்திருக்கிறது என்ற எண்ணம் பணியாளர்களிடம் கூடியது. அதாவது, உடம்பு அப்படியேதான் இருக்கிறது, நிர்வாகத்துக்கு நல்ல பெயர். நம்மூர் முன்வரிசை ஆட்கள் இதைப் படித்தால் பயிலரங்குகளை இரட்டிப்பாக்கிவிடுவார்கள்.

பிரிட்டனிலும் இதை ஒட்டி ஒன்று 2024-இல் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ஃப்ளெமிங் 233 நிறுவனங்களின் 46,336 பணியாளர்களின் பதில்களைப் பார்த்தார். மனவுறுதிப் பயிற்சி, தியானம், நலச் செயலி என்று தனிமனிதரைச் சரிசெய்யும் திட்டங்களில் சேர்ந்தவர்கள், சேராதவர்களைவிட நன்றாக இருப்பதாகத் தெரியவில்லை. தொண்டுப் பணியில் ஈடுபட்டவர்கள் மட்டும் கொஞ்சம் மேல். குலுக்கல் முறையில் நடந்த சோதனை இல்லை, அதனால் இதை அளவோடுதான் எடுத்துக்கொள்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச் சோர்வுக்கு விளக்கம் எழுதியபோது அதை ஒரு நோயாக வைக்கவில்லை, பணியிடத்தோடு மட்டும் சேர்ந்த நிகழ்வு என்று வகைப்படுத்தியது. 2022-இல் வந்த அதன் வழிகாட்டுதல், பணிச்சூழலை மாற்றுவதையும் மேலாளர்களுக்குப் பயிற்சி தருவதையும் பரிந்துரைக்கிறது. மேலாளர்களுக்கு! முன்வரிசையிலிருந்து எழுந்து போனார்களே, அவர்களுக்கு.

கூடத்துக்கே அழைக்கப்படாதவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வளாகத்தில் நிரந்தரப் பணியாளர் குறைந்துகொண்டே வருகிறார்கள். தொகுப்பூதியம், தினக்கூலி, வெளிமுகமை என்று வந்தவர்கள்தான் இப்போது பாதி வேலையைத் தாங்குகிறார்கள். பயிலரங்குக்கு நிரந்தரப் பணியாளருக்கு ஓ.டி. கிடைக்கும், அதாவது அன்று பணியில் இருந்ததாகவே கணக்கு. தினக்கூலிக்காரர் அரை நாள் கூடத்தில் உட்கார்ந்தால் அந்த அரை நாள் கூலிக்கு யார் கையெழுத்துப் போடுவது என்று ஒரு கேள்வி வரும், அந்தக் கேள்விக்குப் பயந்தே அவர் வர மாட்டார். தூய்மைப் பணியாளர்களைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. அவர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்களாம்.

இதில் சட்டம் எங்களைவிடத் தெளிவாக இருக்கிறது. பணியிடத்தில் பெண்களைப் பாலியல் துன்புறுத்தலிலிருந்து காக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில், பணியாளர் என்றால் நிரந்தரம், தற்காலிகம், தினக்கூலி, ஒப்பந்ததாரர் வழியாக வந்தவர் எல்லாரும் உண்டு. அந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு விழிப்புணர்வு நிகழ்ச்சிகளையும் பயிலரங்குகளையும் அவ்வப்போது நடத்துவதை நிர்வாகத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. அந்த நிகழ்ச்சிக்கு மட்டும் எங்கள் வளாகத்தில் தூய்மைப் பணியாளர்கள் வந்து உட்கார்ந்தார்கள். உள் புகார்க் குழுவின் வெளி உறுப்பினர் ஒரு வழக்கறிஞர். பலூன் இல்லை, விளக்கு இல்லை. புகாரை யாரிடம் கொடுப்பது, எத்தனை மாதத்துக்குள் கொடுப்பது, எழுதத் தெரியாதவர் என்ன செய்வது என்று நேராகச் சொன்னார். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், எழுத முடியாதவருக்குக் குழுவே உதவ வேண்டும் என்று அவர் சொன்னதும், பின்வரிசையில் ஒரு அக்கா ‘இன்னொரு தடவ சொல்லுங்க’ என்றார். நான் பார்த்த பயிலரங்குகளில் ‘இன்னொரு தடவ சொல்லுங்க’ என்று ஒருவர் கேட்டது அங்கேதான்.

உருப்படியாக நடந்தவை இன்னும் சில உண்டு.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஒருவர், விழா எதுவும் இல்லாமல், ஒரு மதியம் வந்து ஓய்வூதியத் தாள்களைப் பற்றிப் பேசினார். பணிப்பதிவேட்டை எடுத்துப் பாருங்கள், பெயரில் இனிஷியல் சரியாக இருக்கிறதா, நாமினி யார் என்று போட்டிருக்கிறீர்கள், கல்யாணத்துக்கு முன் அம்மா பெயர் கொடுத்தீர்களே மாற்றினீர்களா? அரங்கில் பாதிப்பேர் முகம் மாறியது. அடுத்த வாரம் பணியமைப்புப் பிரிவில் நாமினி படிவம் தீர்ந்துபோய் ஜெராக்ஸ் எடுக்க வேண்டி வந்தது. 2003 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவர், பின் சேர்ந்தவர் என்று இரண்டு கூட்டமாகப் பிரித்து உட்கார வைத்தார். இருவருக்கும் ஓய்வூதியக் கணக்கே வேறு என்பது வெளியாருக்குத் தெரியாது, இவருக்குத் தெரிந்திருந்தது. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் கவலை பலருக்கு இதுதான். அதற்கு ஒரு மதியம் போதுமாக இருந்தது.

அப்புறம், ஒரு பிசியோதெரபிஸ்ட். இவரைக் கூடத்தில் பேசச் சொன்னார்கள். அவரோ, ‘கூடம் வேண்டாம், நீங்க உக்கார்ற இடத்தைக் காட்டுங்க’ என்றார். மேஜை மேஜையாக வந்தார். ஒருவருடைய மானிட்டருக்குக் கீழே பழைய நாட்காட்டிக் கட்டுகளை வைத்து உயர்த்தினார். கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்திருந்தவருக்கு ஏ4 தாள் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். பதிவறையில் உயரத்திலிருந்து கட்டு இறக்குகிறவருக்கு எப்படி இறக்க வேண்டும் என்று செய்து காட்டினார். கவுன்ட்டரில் இருந்தவரை எழுப்பத் தேவையே இல்லாமல் போனது. நாங்கள் நெளிந்து ஒடிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்த முதல் வெளியாள் அவர் என்று தோன்றியது.

ஆளுமை மேம்பாடு என்று சொல்கிறார்களே, அதற்கு எங்களுக்குத் தெரிந்த வடிவம் துறைத் தேர்வு. மே மாதமும் டிசம்பரிலும் டி.என்.பி.எஸ்.சி. நடத்துவது. எங்களிடம் பதவி உயர்வுக்கு அக்கவுண்ட் டெஸ்ட் தேறியிருக்க வேண்டும். நிதிப் பிரிவில் ஒரு சார் மதிய உணவு நேரத்தில் அதற்குப் பாடம் எடுக்கத் தொடங்கினார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே விதிகள். குழந்தை பிறந்த பிறகு படிப்பையே விட்டுவிட்ட இரண்டு பெண்கள் அங்கே உட்கார்ந்துதான் தேறினார்கள். அவர்களில் ஒருவர் நடக்கிற நடையே மாறிவிட்டது. தன்னம்பிக்கைக்கு ஆயிரம் உரை கேட்டிருப்பார், சம்பளப் பட்டியலில் ஒரு வரி மாறியது செய்த வேலையை அவை செய்யவில்லை. ஆனால் அந்த வகுப்புக்குச் சுற்றறிக்கை கிடையாது, வருகைப் பதிவு கிடையாது. எனவே 6.3-இல் அது வராது.

ஆலோசனை அறை ஒன்றையும் திறந்தார்கள். நிர்வாகக் கட்டடத்தின் தரைத்தளத்தில், எல்லாரும் கடந்து போகும் தாழ்வாரத்தில், கதவில் பெரிய எழுத்தில் பலகை வைத்து. யார் போவார்கள்? ‘அவங்களுக்கு என்னவாம்?’ என்ற கேள்வி மாலைக்குள் தபால் பிரிவைத் தாண்டி விடுதி வரை போய்விடும். இதைவிட, 14416 என்ற எண்ணை ஒட்டி வைப்பது மேல். டெலி மனஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண். இலவசம், தமிழிலும் பேசலாம், வீட்டு மொட்டைமாடியிலிருந்து பேசலாம். அந்தத் தாளைப் பெண்கள் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினோம். யார் குறித்துக்கொண்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் அங்கே ஒட்டியது.

இந்த ஆண்டுத் திட்டத்துக்குக் குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்தது. பயிலரங்க நாளில் கவுன்ட்டரைப் பிற்பகல் மூடுவதாக முன்கூட்டியே இணையதளத்தில் அறிவிக்க வேண்டும், பிரிவு முழுவதும் வர வேண்டும் என்று எழுதினேன். தினக்கூலியாளர்களுக்கு அன்றைய கூலி உண்டு என்று ஆணையில் ஒரு வரி சேர்க்கக் கேட்டேன். ஒவ்வொரு மென்பொருளுக்கும் குறைந்தது இரண்டு பேருக்குப் பயிற்சி வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் விடுப்பில் போவதே குற்றம் போலாகிறது என்று எழுதினேன். உதவிப் பதிவாளர் நிலையிலும் அதற்கு மேலும் இருப்பவர்களுக்கு அரை நாள் தனிப் பயிற்சி, தலைப்பு: ரிசல்ட் தேதியை அறிவிக்கும் முன் பிரிவைக் கேட்பது. தலைப்பைக் கொஞ்சம் மென்மையாக்கச் சொன்னார்கள். ‘பணித் திட்டமிடல்’ என்று மாற்றினேன்.

ஃபைல் மேலே போய்த் திரும்பியது. மென்பொருள் பயிற்சிக்கு ஒப்புதல். கூலி விஷயம் நிதிப் பிரிவின் கருத்துக்கு. அதிகாரிகள் பயிற்சிக்கு ‘பின்னர் பரிசீலிக்கலாம்’. கவுன்ட்டரை மூடுவது பற்றி, ‘பொதுமக்களிடமிருந்து புகார் வரக்கூடும், எனவே பிரிவுக்கு இருவரை அனுப்பினால் போதும்’ என்று ஓரத்தில் எழுதியிருந்தது. புகார் இப்போதும் தினமும்தான் வருகிறது, அந்த விவரத்தைக் கவுன்ட்டர் பதிவேட்டின் நகலோடு இணைத்து மறுபடி மேலே அனுப்பியிருக்கிறேன்.